அடுப்படிச் சுவர்

"அம்மா, என் வீடு ரெண்டாப் பிளக்குது. பூட்டிட்டு வந்துடுறேன். மடத்துல ஒரு மூலை குடுங்க" என்றார் பெத்தண்ணன்.

மடத்து ஞானவடிவு அம்மா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் ஆறு வருஷமாக அவரைத்தான் பெத்தண்ணன் குருவாக நினைத்திருந்தார்.

"எம்புட்டுப் பிளந்திருக்கு, அண்ணாச்சி?"

"தெற்குச் சுவர்ல. மேல மூணு விரல். கீழ ஒன்னரை விரல்."

"அளந்தீங்களாக்கும்."

"தினமும் அளக்கேன். வேற என்ன வேலை?"

"அடைச்சுப் பார்த்தீங்களா?"

"கோடையில சிமெண்ட் வச்சு அடைச்சேன். ஐப்பசியில கரிசல் மண்ணு உப்பி, அம்புட்டையும் பிதுக்கித் தள்ளிருச்சு."

பெத்தண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மத்தியானத்துல சுவர் டக்குனு வெடிக்கும். யாரோ கதவைத் தட்டுறாங்கன்னு போய்ப் பார்ப்பேன்."

அம்மா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தவர் பிளவைப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார்.

குளிக்கிற பக்கம் மண் ஈரமாக இருந்தது. தெற்கே, அடுப்படிக்குப் பின்னால், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அம்மா குனிந்து ஒரு வெடிப்புக்குள் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று.

"இங்க முன்னே என்ன இருந்தது?"

"ஒன்னுமில்லை. பாத்திரம் விளக்குற இடம். தண்ணி சுவரோரமா ஓடும்."

"இப்போ?"

"வீட்டுக்காரி தவறின பிறகு யாரு விளக்குறா? ஒத்தை ஆளுக்கு எதுக்கு அடுப்பு? கடையில நாலு இட்லி, இலையில."

"அவங்க தவறி எம்புட்டு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம், நாலு மாசம், ஒம்பது நாள்."

"சுவர் பிளந்து?"

பெத்தண்ணன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

இரண்டு கணக்கும் அவரிடம் இருந்தன. ஒருநாளும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை.

"அவ போன அடுத்த கோடையில" என்றார் மெதுவாக. "தண்ணி நின்னதும் மண்ணு காஞ்சு சுருங்கிருச்சு. அப்போ நான் தினமும் நாலு குடம் இங்க ஊத்திடுறேன், அம்மா."

"ஊத்துங்க. ஒரே இடத்துல கொட்டாம, சுவர் நெடுக ஊத்துங்க. மண்ணுக்கு அது போதும்."

அம்மா அடுப்படிக்குள் போனார். பரணிலிருந்த பெரிய பானையை இறக்கி, முந்தானையால் தூசியைத் துடைத்தார்.

"இதுல எத்தனை பேருக்கு வேகும்?"

"பத்துப் பேருக்கு."

"மடத்துல நாங்க எட்டுப் பேரு. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வருவோம். தட்டை எங்க கழுவணும்னு நீங்க காட்டிருங்க."