கரிக்காத உப்பு

காட்டுக் குட்டை ஒன்றின் கரையில் எருமையும் மான்களும் கரடியும் குரங்கும் கூடி நின்றன. மழைக்காலம் முடிகிற நேரம். புல் ஆளுயரம் வளர்ந்து கிடந்தது. ஆனாலும் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

சிரிப்பு எப்படி வரும்? போன கோடையில் புல்லெல்லாம் கருகி, பால் வற்றி, குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கருவாச்சி என்ற எருமையும் தன் கன்றைப் பறிகொடுத்தது. இப்போது அதன் காலைச் சுற்றி இன்னொரு கன்று துள்ளிக்கொண்டிருந்தது. இதையும் சாகக் கொடுக்க முடியுமா?

“புல்லைக் குழியில போட்டு மூடி வைப்போம்! கோடையில திறந்து தின்னுக்கலாம்!” என்றது கருவாச்சி.

“அழுகிப் போயிடாதாக்கா?” என்று கேட்டது சித்திரை என்ற பெண்மான். அதற்கும் ஒரு குட்டி இருந்தது.

“அழுகாது! நான் பண்ணையில கட்டிக் கிடந்தவ. எல்லாம் கண்ணால பார்த்திருக்கேன். புல்லை நறுக்கிப் போட்டு, காத்து இல்லாம மிதிக்கணும். நடுநடுவே வெல்லப்பாகு தெளிக்கணும். அந்த இனிப்புலதான் புல்லு பக்குவமாப் புளிக்கும். மேலாக ஒரு பிடி உப்பு தூவணும். அப்புறம் மண்ணைப் போட்டு மூடிட்டா ஒரு குறையும் வராது!”

அன்றிலிருந்து கருவாச்சிக்கு வந்த மவுசைக் கேட்கவே வேண்டாம்! குட்டைக்கு அது வந்தால் மான்கள் விலகி வழிவிட்டன. “பண்ணை பார்த்தவளாச்சே” என்று பேசிக்கொண்டன. கருவாச்சிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மான்கள் பல்லால் புல்லை அறுத்துப் போட்டன. கருவாச்சி மிதித்தது. வெல்லப்பாகுக்குக் காட்டில் எங்கே போவது? கரடி தேனடைகளைக் கொண்டுவந்து பிழிந்தது. வழியில் நக்காமல் கொண்டுவந்ததே பெரிய காரியம்! உப்புக்குத்தான் திண்டாட்டம். உவர்மண் மேடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆற்றிலோ வெள்ளம்.

“உப்புதானே? என்கிட்ட விடு!” என்றது சடையன் என்ற குரங்கு. தன் கூட்டத்தோடு காட்டோரத் தோட்டத்துக்கு ஓடியது. அங்கே குடியானவன் ஒருவன் தன் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தான்.

“மழை வருது! உப்பு மூட்டையைக் கொட்டகைக்குள்ள இழுத்துப் போடு! நெல்லுக்குப் போடணும்!”

நெற்பயிருக்கு எதற்கு உப்பு என்று சடையன் யோசிக்க வேண்டாமா? எங்கே யோசித்தது! அந்த ஊரில் யூரியா உரத்தையும் ‘உப்பு’ என்றுதான் சொல்வார்கள். சடையனுக்கு அது தெரியாது. வெள்ளையாக இருக்கிறது, உப்பு என்றும் சொல்லிவிட்டான், பிறகென்ன! ஆள் அசந்த நேரம் பார்த்து, குரங்குகள் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டன.

கருவாச்சி ஒரு நக்கு நக்கிப் பார்த்தது. கசந்தது. நாக்கு சில்லிட்டது. துளிகூடக் கரிக்கவில்லை!

“கரிக்கலையே, சடையா...” என்று இழுத்தது.

“என் ரெண்டு காதாலயும் கேட்டேன்! உப்புன்னுதான் சொன்னான்!” சடையன் எகிறிக் குதித்தது. “ஏன் எருமையக்கா, பண்ணை பார்த்த உனக்கே உப்பு எதுன்னு தெரியாதா?”

குரங்குகள் கெக்கெக்கே என்று சிரித்தன. மான்கள் எல்லாம் கருவாச்சியின் வாயையே பார்த்தன. மேகம் வேறு திரண்டு வந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாழாய்ப்போன கௌரவம்! அது விட்டால்தானே?

“தெரியாம என்ன? உப்புதான். போடுங்க!” என்றது கருவாச்சி.

“ஒரு பிடி என்ன பிச்சைக்காசு மாதிரி!” என்று சடையன் மூட்டை முழுவதையும் குழியில் கவிழ்த்தது. கருவாச்சி தடுக்கவில்லை. உப்பு என்று சொன்ன வாயால் இனி என்ன சொல்லித் தடுப்பது? மழைக்கு முன்னே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள்.

கோடை வந்தது. புல் கருகியது, குட்டை வெடித்தது. குட்டிகளின் விலா எலும்பு தெரிந்தது. ஒருநாள் காலையில் எல்லோரும் கூடிக் குழியைத் திறந்தார்கள்.

குப்பென்று ஒரு நெடி! கண்ணில் தண்ணீர் வந்தது.

“என்னக்கா, மூக்கைக் கடிக்குதே?” என்று கேட்டது சித்திரை.

பண்ணையில் குழியைத் திறந்தால் கனிந்த பழ வாசனை வரும். கருவாச்சிக்கு அது நன்றாக நினைவிருந்தது.

“புளிச்சா அப்படித்தான் இருக்கும்” என்றது.

மான்குட்டிகள் பாய்ந்து ஓடின. எருமைக் கன்றும் ஓடப் பார்த்தது. கருவாச்சி குறுக்கே காலை வைத்து மறித்தது.

“பசிக்குதும்மா!”

“பொறு! எல்லாரும் தின்னட்டும். நீ அப்புறம் தின்னலாம்.”

சித்திரைக்குக் கண் கலங்கிவிட்டது. “உன் மனசு யாருக்கக்கா வரும்! உன் பிள்ளையைக் காயப் போட்டுட்டு என் பிள்ளைக்கு முதல்ல தர்றியே!”

கருவாச்சி கன்றை இன்னும் பின்னால் தள்ளியது. சித்திரையும் ஒரு வாய்கூடத் தின்னாமல், நல்ல புல்லாகப் பார்த்துத் தன் குட்டியின் பக்கம் தள்ளிவிட்டது.

கொஞ்ச நேரம்தான். சித்திரையின் குட்டிக்குக் கால்கள் நடுங்கின. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. வாயில் நுரை தள்ளியது. “அம்மா” என்று ஒரு முறை கூப்பிட்டுவிட்டுச் சாய்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. அதற்கடுத்து இன்னொன்று. குழியைச் சுற்றிக் குட்டிகள் காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. சடையன் மரத்தின் உச்சிக்கு ஏறி ஒளிந்துகொண்டது.

சித்திரை தன் குட்டியை முகர்ந்தது, நக்கியது, மூக்கால் தள்ளி எழுப்பிப் பார்த்தது. அது எழவில்லை.

மெல்லத் தலையைத் தூக்கியது சித்திரை. கருவாச்சியின் காலுக்குப் பின்னால் கன்று நின்றது. அதன் வாயில் ஒரு புல்கூட ஒட்டியிருக்கவில்லை. சித்திரைக்கு எல்லாம் புரிந்தது.

“அக்கா, அது என்ன உப்பு?”

கருவாச்சியின் முகத்தில் ஈயாடவில்லை. “தெரியாது! சத்தியமா எனக்குத் தெரியாது, சித்திரை!”

“இந்த வார்த்தையை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?”

பிழைத்த மான்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டன. குழியோரத்தில் எருமையும் கன்றும் மட்டும் நின்றன.

“அம்மா, எல்லாரும் தின்னாச்சே! இப்ப நான் தின்னலாமா?” என்று கேட்டது கன்று.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவரின் கௌரவத்துக்கு, அவரை நம்பியவர்களின் பிள்ளைகள் பலியாகிறார்கள்.