நாலு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா

வடவள்ளிப் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் ஜாதகம் பார்க்கிறார்களோ இல்லையோ, தவமணியைப் பார்ப்பார்கள்.

தவமணிக்கு முப்பத்தெட்டு வயது. செட்டிபாளையம் பந்தயத் தடத்தில் பத்து வருடம் எஞ்சின் பிரித்து மாட்டிய பெண்மணி. இப்போது அவருக்கு வேலை ஒன்றுதான். வாங்குகிறவரோடு கூடப் போவார், வண்டியைப் பார்ப்பார், எடுக்கலாம் அல்லது வேண்டாம் என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம். அந்த ஒரு வார்த்தைக்காகக் கொச்சியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் ஆட்கள் வந்து காத்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் நாச்சிமுத்து, வயது ஐம்பத்தேழு. கணபதியில் தண்ணீர் பம்பு செய்யும் பட்டறை வைத்திருப்பவர்; அங்கே கணக்கு எழுதுகிறவன் நான். தன்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவரை என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்கு முதலில் தெரியவில்லை. ஊர் வழக்கப்படி அம்மிணி என்றால் மரியாதை பத்தாது என்று தோன்றியது. கிண்டலாகக் குருவே என்று ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் கிண்டல் போய்விட்டது, குரு மட்டும் நின்றுவிட்டார்.

நாச்சிமுத்துவுக்கு இரண்டு பேர் மட்டும் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார் மேல் நாற்பது வருட ஆசை. தங்கை கல்யாணம், பட்டறை, பிள்ளைகள் படிப்பு என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. எல்லாம் விலகி வழி கிடைத்த வருடம் கண் டாக்டர் குறுக்கே வந்தார். கண்ணுக்குள் அழுத்தம், நரம்பு தேய்ந்துகொண்டிருக்கிறது என்றார். பகலில் மட்டும் ஓட்டலாம், அதுவும் இரண்டு வருடம், அதற்கப்புறம் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும், போகப் போகப் பார்வையே மங்கிவிடும் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

நாச்சிமுத்து அதைத் தவமணியிடம் முதல் நாளே சொன்னார்.

"ரெண்டு வருசம் இருக்குது. ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும். அது தப்பாப் போயிடக் கூடாது."

"எட்டு ஞாயித்துக்கெழமை என்ற கூட வாங்ணா. அப்பறம் பாக்கலாம்."

இருக்கிற இரண்டு வருடத்தில் இரண்டு மாதம் இப்படிப் போகிறதே என்று அவருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் போனார்.

அவர் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. எந்த எஞ்சினுக்கு எத்தனை குதிரைத் திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி, எந்த வருடத்து வண்டியில் எந்தக் கியர் பெட்டி எல்லாம் மனப்பாடம். குலதெய்வத்தின் பெயரைக் கேட்டால்கூட ஒரு நொடி யோசிப்பார். இதற்கு யோசிக்க மாட்டார். தவமணி ஒரு வண்டியை அரை மணி நேரம் பார்த்துக் கண்டுபிடிப்பதை இவர் புத்தகத்தில் படித்தே சொல்லிவிடுவார் என்று பட்டறையில் பேச்சு.

முதல் ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரில் ஒரு வண்டி. நாச்சிமுத்து நல்ல குடும்பத்தில் பிறந்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டுப் போகிற பழக்கம். கால் மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று விற்கிறவரிடமும் சொல்லிவிட்டார். இவர்கள் போனபோது வாசலில் வண்டி கழுவி நின்றது. தவமணி பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுடுவது தெரிந்தது. கொடுத்த காப்பியைக் குடித்தார், காப்பி நன்றாக இருக்கிறது என்றார், திரும்பி நடந்தார்.

வழியில் நாச்சிமுத்து காரணம் கேட்டார்.

"பொண்ணு பாக்கப் போறப்ப சொல்லிட்டுப் போங்ணா. இஞ்சின் பாக்கப் போறப்ப சொல்லாதீங்க."

ஓடிச் சூடான எஞ்சின் தன் சீக்கை மறைத்துவிடும் என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியாத விஷயமா? பம்பு மோட்டாருக்கும் அதேதான். முப்பது வருடமாக அவர் குளிர்ந்த மோட்டாரைத்தான் காது வைத்துக் கேட்டிருக்கிறார். மரியாதை வந்து கண்ணை மறைத்துவிட்டது. அன்று முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் துடியலூரில். நல்ல எஞ்சினுக்கு அடையாளம் என்னவென்று கேட்டார் நாச்சிமுத்து. தவமணி எஞ்சின் ஆயில் மூடியைத் திருகி எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எப்படி இருக்குதுங்ணா?"

"பளிச்சுன்னு இருக்குது."

"வண்டி எவ்வளவு ஓடியிருக்குது?"

"எழுபதாயிரம் கிலோமீட்டர்."

"எழுபதாயிரம் ஓடுன வண்டிக்கு மூடி மட்டும் எதுக்குப் பளிச்சுன்னு இருக்குது?"

பழைய மூடியில் படிந்த அழுக்கு எஞ்சினின் சீக்கைக் காட்டிக்கொடுத்திருக்கும், அதனால்தான் புது மூடி என்று நாச்சிமுத்துவுக்கு உறைத்தது; மூடியை இருந்த இடத்திலேயே மாட்டினார். அந்த வண்டியையும் எடுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து அவர் முகத்தில் அன்றுதான் முதல்முறையாக வயிற்றெரிச்சல் போய் சந்தோஷம் வந்தது. பட்டறைக்கு வந்து ஒவ்வொருவரிடமும் அந்த மூடியைப் பற்றிச் சொன்னார். என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

எட்டாவது வாரம் அவிநாசி ரோட்டில் ஒரு வியாபாரியிடம் இரண்டு வண்டிகள் வந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

ஒன்று மஞ்சள். நாலு சிலிண்டர் டர்போ எஞ்சின், கையால் மாற்றுகிற கியர், பெரிய சக்கரம், இறுக்கமான சஸ்பென்ஷன், பந்தயக் கார்களில் இருப்பது போல் அசையாத இருக்கை. நாச்சிமுத்து நாற்பது வருடமாகக் கனவு கண்டது இந்த மாதிரி வண்டியைத்தான். அதைப் பார்த்ததும் மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போனார்.

இன்னொன்று சாம்பல் நிறம். மஞ்சளைவிட மூன்று வருடம் பழையது. டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் எஞ்சின். ஆட்டோமேட்டிக் கியர், சின்னச் சக்கரம், சாதாரண இருக்கை. முதலில் வாங்கியவர் ஒரு பல் டாக்டராம். காகிதக் கணக்கில் மஞ்சளைவிட அரை நொடி மந்தம். ஆட்டோமேட்டிக் வைத்த ஸ்போர்ட்ஸ் கார் தயிர் இல்லாத தயிர்சாதம் என்பது நாச்சிமுத்துவின் கட்சி.

போன் செய்யாமல்தான் போயிருந்தார்கள். இரண்டு எஞ்சினும் குளிர்ந்திருந்தன. அரை நாள் பார்த்தார்கள். இந்த முறை தவமணி ஒதுங்கி நின்றுகொண்டு சீடரையே பார்க்கச் சொன்னார். நாச்சிமுத்து அடியில் படுத்துப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தார். அவர் பார்த்த அழகைத் தவமணி ரசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் இரண்டிலும் குறை இல்லை என்றார் நாச்சிமுத்து. இல்லைதான் என்றார் தவமணி.

"அப்ப மஞ்சளுதானுங்களே குருவே?"

"அடுத்த ஞாயித்துக்கெழமை அக்காவக் கூட்டிட்டு வாங்ணா."

அக்கா என்றது நாச்சிமுத்துவின் மனைவி சுந்தராம்பாளை. அவருக்கும் கார் ஓட்டத் தெரியும். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு குட்டி ஆட்டோமேட்டிக் காரில் போய் வருவார். அந்தக் காருக்கு நாச்சிமுத்து வைத்திருந்த பெயர் மிக்ஸி. ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் சுந்தராம்பாளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. குரு சொன்னதால் கூட்டிப்போனார்.

விடிந்ததும் சிறுவாணி ரோட்டில், மாதம்பட்டி தாண்டி ஒரு டீக்கடை முன்னால் இரண்டு வண்டிகளும் நின்றன. தவமணி கேட்டால் வியாபாரிகள் எதற்கு என்று கேட்காமல் சாவியைக் கொடுப்பார்கள். அவ்வளவு பேர் அவருக்கு.

தவமணி நாச்சிமுத்துவை மஞ்சள் வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொன்னார். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினார்.

என்ன, கண்கட்டு வித்தையா என்று சிரித்தார் நாச்சிமுத்து. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இந்த இருட்டைப் பற்றி அதுவரை டாக்டர் வாயால் கேட்டதோடு சரி. இப்போதுதான் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார். மனிதர் பயந்துவிட்டார். கை தானாக மனைவி நின்ற பக்கம் நீண்டது.

சுந்தராம்பாள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இருக்கை அசையவில்லை. கிளட்ச் மிதிக்கக் கால் எட்டவில்லை. நுனிக்கு வந்து உட்கார்ந்து மிதித்தார். வண்டி குலுங்கி அணைந்தது. மூன்று தடவை அப்படியே ஆனது. அவர் இறங்கிவிட்டார்.

"இது என்ற காலுக்கு அடங்காது கண்ணு."

தவமணி அதே இடத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டுப் போனதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஆனால் உள்ளே இருந்த நாச்சிமுத்துவுக்கு அது தெரியாது. கண் திறந்திருந்தால் வளைவு வருவதும் பள்ளம் வருவதும் முன்னாலேயே தெரிந்து உடம்பு தயாராகும். இப்போது எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இடுப்பில் அடித்தன. எஞ்சின் என்னவோ உஸ்ஸென்று மூச்சு விட்டதே தவிர, அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பியபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

தவமணி அவரைக் கைபிடித்து சாம்பல் வண்டிக்கு மாற்றினார். துண்டை அவிழ்க்கவில்லை. ஓட்டுநர் இருக்கையை உயர்த்தி, முன்னால் தள்ளி, சுந்தராம்பாளை உட்காரவைத்தார். இந்த வண்டியில் எல்லாம் நகர்ந்தது. மிக்ஸி மாதிரியேதான் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு சுந்தராம்பாள்தான் சொன்னார். ஒரு கிலோமீட்டர் வரை நாச்சிமுத்து கதவின் கைப்பிடியை விடவில்லையாம். சுந்தராம்பாளும் நத்தையாகத்தான் ஓட்டினாராம். பிறகு ஒரு ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்திருக்கிறார். ஆறு சிலிண்டரும் சேர்ந்து குரலெடுத்தன. நாச்சிமுத்து தலையைச் சாய்த்தார். பட்டறையில் மோட்டாரைக் கேட்கும்போது சாய்க்கிற அதே சாய்ப்பு.

"இப்ப இஞ்சின் நிமிசத்துக்கு நாலாயிரம் சுத்து சுத்துது. எடது பக்கம் செவுரு வருதா?"

"ஆமாங்க மாமா. காம்பவுண்டு செவுரு."

"முடிஞ்சிருச்சு. இப்ப ரெண்டு பக்கமும் மரம்."

"தென்னந்தோப்பு. உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"சத்தம் திரும்பி வருதில்ல? செவுத்துல பட்டு வர்றது வேற, மரத்துல பட்டு வர்றது வேற. இன்னும் கொஞ்சம் மிதி."

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் மெதுவாப் போ, பாத்துப் போ என்று மட்டுமே அவர் சொல்லிக் கேட்டிருக்கிறார் சுந்தராம்பாள். மிதி என்றது அதுதான் முதல் தடவை. மிதித்தார். எஞ்சின் உச்சத்துக்குப் போய்ப் பாடியது. இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்கள். பாலம் வந்தது, களத்துமேடு வந்தது, ஒவ்வொன்றையும் இவர் சொல்ல அவர் ஆமாம் போட, நாலு கிலோமீட்டரில் திரும்ப வேண்டியவர்கள் மலையடிவாரம் வரை போய்விட்டார்கள். தவமணி டீக்கடையில் மூன்று டீ குடிக்க வேண்டியதாயிற்று.

வண்டி வந்து நின்ற பிறகும் நாச்சிமுத்து துண்டை அவிழ்க்கவில்லை. எஞ்சினை அணைக்கவும் விடவில்லை. பிறகு அவிழ்த்தார். வெயிலில் கண் கூசியது. கூச்சம் தெளிந்ததும் எதிரில் மஞ்சள் வண்டி நின்றது. நாற்பது வருட ஆசை லேசில் விடுமா? மனது மறுபடி அங்கேயே போயிற்று.

இறங்கித் தவமணியிடம் வந்தார்.

"குருவே, நான் கண்ணத் தொறந்து ஓட்டப்போறது ரெண்டே வருசம். அந்த ரெண்டு வருசத்துக்குக் கணக்குப்படி பாத்தாலும் சரி, மனசுப்படி பாத்தாலும் சரி, மஞ்சளுதான். அதுல என்ன கொறை?"

"கொறையே இல்லீங்ணா."

"அப்பறம் எதுக்கு இந்தச் சாம்பல் வண்டி?"

தவமணி சாம்பல் வண்டியின் பக்கம் பார்த்தார். சுந்தராம்பாள் இன்னும் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருசத்துக்கு வண்டி பாக்க இனி நீங்களே போதுங்ணா. நான் பாத்தது மூணாவது வருசத்துக்கு."