மலைப்பக்கம்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஒரு டீக்கடை. அதன் பக்கத்தில் கிடந்த கல்லில்தான் பட்டறைச் சாமி உட்கார்ந்திருப்பார். ஆம்பூரில் இரும்புப் பட்டறை வைத்திருந்தவர். உபதேசம் கேட்டு வருகிறவர்களை முதலில் டீ வாங்கி வரச் சொல்வார். டீயைக் குடித்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவார். பெரும்பாலோர் மறுபடி வந்ததில்லை.

விடாமல் வந்தவன் ரசல் ஒருவன்தான். அமெரிக்கன். சாமியைவிட வயதில் மூத்தவன். பட்டாளத்தை விட்டபின், அங்கே கூட இருந்த சிநேகிதன் ஹார்வியோடு இந்த ஊருக்கு வந்து வீடெடுத்துத் தங்கியவன். கடைத்தெருவிலேயே தமிழ் பழகியவன்.

அந்த வீட்டில் ஒரு நாள் இருவரும் குடித்தார்கள். போரில் ரசல் சுட்ட ஒரு வீட்டைப் பற்றி ஹார்வி பேச்செடுத்தான். உள்ளே குழந்தைகள் இருந்த வீடு. ரசலின் கையில் பாட்டில் இருந்தது. ஹார்வியின் வலக்கண் போயிற்று.

போலீஸ் கேட்டபோது, மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்றான் ஹார்வி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மலைக்கு அந்தப் பக்கம் தனி வீடு பார்த்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

ரசல் குடியை விட்டான். ஒரு வேளைதான் சாப்பிட்டான். தினம் காலையில் செருப்பில்லாமல் மலையைச் சுற்றினான். நடந்ததைச் சாமியிடம் சொல்லியிருந்தான்.

ஒரு நாள் சுற்றி முடித்து வந்து சாமியிடம் டீயை நீட்டினான். பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது.

“சாமி, இன்னும் எவ்வளவு காலம் சுத்தணும்? எப்பத்தான் தீரும்?”

“செருப்பு எங்க?”

“போடறதில்ல. தண்டனை.”

“யாரு குடுத்தது?”

“நானே குடுத்துக்கிட்டது.”

“குடுக்கறவனும் நீ, வாங்கறவனும் நீ. ஹார்விக்குத்தான் வேலையே இல்ல.” சாமி டீயை உறிஞ்சினார். “சர்க்கரை கம்மி.”

ரசல் கடைக்குள் போய்ச் சர்க்கரை வாங்கி வந்து போட்டான்.

“அவன் எங்க இப்ப?”

“அவனும் தினம் சுத்தறான் சாமி. இந்த வழியாத்தான் போவான். அவன் தாண்டிப் போற வரைக்கும் கடைக்குப் பின்னால நிப்பேன். அப்புறம் அவன் பின்னாலயே போவேன்.”

“ஒரு நாளும் கிட்டப் போனதில்லையா?”

“அவன் நின்னா நானும் நின்னுடுவேன்.”

“பின்னாலருந்து என்ன தெரியும்?”

“சுத்தறப்ப மலை வலப்பக்கம் வருது. அந்தக் கண்ணுதான் அவனுக்கு இல்ல. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் கழுத்தை முழுசாத் திருப்பி மலையைப் பாப்பான். வழி பூரா அப்படித்தான்.”

சாமி சிரித்தார். அதில் இரக்கம் இல்லை.

“எல்லாரும் ஒரே பக்கமாச் சுத்தற ஊரு. பின்னால போறவன் யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்ல. ஒளியறதுக்கு நல்ல இடமாத்தான் புடிச்சிருக்கே, துரை.”

ரசலின் முகம் சிவந்தது. “அப்ப எதிர்ப்பக்கமாச் சுத்தி வரட்டுமா?”

“ஊரே உன்னை அடிக்க வரும். நாளைக்கு நடக்காதே. இந்தக் கல்லுல உக்காரு. அவன் வருவான்.”

“வந்தா என்ன சொல்றது?”

“அடிச்சவன் நீ. என்னைக் கேட்டா?”

மறுநாள் ரசல் கல்லில் உட்கார்ந்தான். எழுந்து கடைக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தான். மறுபடியும் போனான். மறுபடியும் வந்து உட்கார்ந்தான்.

ஹார்வி வந்தான். அதே நீலத் தொப்பி. முகத்தைத்தான் ரசல் இத்தனை வருஷமும் பார்க்கவில்லை. தாடி வெளுத்திருந்தது. மூடிய இமை உள்ளே குழிந்திருந்தது.

ஹார்வி நின்றான். தங்கள் ஊர்ப் பாஷையில் கேட்டான்: “இன்னிக்குப் பின்னால வரலையா?”

“உனக்குத் தெரியுமா?”

“பின்னால உன் இருமல் கேக்குமே. அதோட ஒரே கூடாரத்துல படுத்தவன்டா நான்.”

ரசல் எழுந்தான். “நான்தான் அடிச்சேன்.”

“வேற யாரு? மாடிப்படியா?”

“அந்த வீட்டைப் பத்தி நீ சொன்னது நிஜம். அதனாலதான் அடிச்சேன்.”

ஹார்வி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னை மன்னிப்பியா?”

“மாட்டேன்.”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஹார்வி தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தான். கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே சொன்னான்:

“வர்றதுன்னா பக்கத்துல வா. பின்னால வராதே. இடப்பக்கம். நீ என் கண்ணுல படணும்.”

ரசல் அன்று மாலை சாமியிடம் வந்தான்.

“மன்னிக்க மாட்டேன்னுட்டான் சாமி.”

“அவன் கண்ணு, அவன் கோபம். கண்ணைத்தான் எடுத்துக்கிட்டே. கோபத்தையும் ஏன் புடுங்கப் பாக்கறே?”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“செருப்பு வாங்கு. கூட நடக்கற ஆளுக்குக் காலு வேணும்.”

ரசல் செருப்பு வாங்கினான். மழைக்காலம் வந்து போனது. இருவரும் தினம் நடந்தார்கள். ரசல் இடப்பக்கம், ஹார்வி மலைப்பக்கம். பேச்சு அதிகம் இல்லை. ஹார்வி கழுத்தைத் திருப்பித் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டுதான் வந்தான்.

ஒரு நாள் பாதி வழியில் ஹார்வி நின்றான். கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டான். ரசலைச் சுற்றிக்கொண்டு அவனுக்கு இடப்பக்கம் வந்து நடக்கத் தொடங்கினான்.

இப்போது மலைப்பக்கம் ரசல் இருந்தான். ஹார்விக்குக் கண் தெரியாத பக்கம். பாட்டில் வந்த பக்கம்.

“மேகம் இருக்கா?” என்றான் ஹார்வி, நேரே பார்த்துக்கொண்டு.

ரசல் மலையை நிமிர்ந்து பார்த்தான். “உச்சியில இருக்கு. கீழ இல்ல.”

“ம்.”

மீதி வழி முழுக்க ஹார்வி கழுத்தைத் திருப்பவில்லை.

ரசல் கையில் டீ தளும்பச் சாமியிடம் ஓடி வந்தான்.

“சாமி, இன்னிக்கு என்னை மலைப்பக்கம் விட்டான்! மன்னிச்சுட்டானா?”

“அப்படிச் சொன்னானா?”

“இல்ல. மேகம் இருக்கான்னு கேட்டான்.”

“இருந்துதா?”

“இருந்துது. சொன்னேன்.”

சாமி டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“நாளைக்கும் பாத்துச் சொல்லு. அந்தக் கண்ணு இருந்திருந்தா அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கும்.”