நடுவில் நின்ற பொக்லைன்

நெட்டியக்குடிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அந்த ஊரின் கோளாறே அதுதான். யார் எதைச் சொன்னாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்துவிடுவார்கள். "கொஞ்சம் இங்கயே நில்லுங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போன வெளியூர்க்காரர் ஒருவருக்காக, இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் விவரமானவன் என்று பெயரெடுத்தவன் கொளஞ்சிநாதன். மனைவி பூமயிலுக்கு அவள் அப்பா கொடுத்த முந்திரிக்காட்டின் அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று யாரோ சொல்ல, காய்க்கிற மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு, மூன்று கூட்டாளிகளைச் சேர்த்துக் குவாரிக்கு உரிமம் வாங்கிவிட்டான். உரிமம் தந்த அதிகாரி ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வருவேன், மேல்மண்ணை நீக்கிக் கல்லைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் உரிமம் ரத்து.

பூமயில் வேறு ஊரில் பிறந்தவள். அதனால் அவளுக்கு எல்லாம் சீக்கிரம் புரிந்துவிடும்.

"மரமும் போச்சு. வெள்ளிக்கெழம கல்லு கண்ணுல படலன்னா, நீயும் என் கண்ணுல படாத" என்றாள்.

கொளஞ்சி முதலில் குழம்பைத்தான் நினைத்தான். அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்பு இல்லாமல் அவன் ஒரு நாள் கூட இருந்ததில்லை. அவள் இல்லாமலும் இருந்ததில்லை என்பது குழம்பை நினைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு கூட்டாளிகளும் டவுனுக்குப் போய், மண் அள்ளும் பொக்லைன்களை வாடகைக்கு விடும் லியாகத் பாய் முன்னால் நின்றார்கள். பாய் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஆபரேட்டரோட வேணுமா, ஆபரேட்டர் இல்லாம வேணுமா?"

நால்வரும் ஓரமாகப் போய் வட்டமாக உட்கார்ந்தார்கள். எட்டாவது வரை படித்த உத்திராபதிதான் இது மாதிரி விஷயங்களுக்குத் தலைமை. அவர் எழுந்து வந்து கேட்டார்.

"ஆபரேட்டர் என்ன பண்ணுவாரு பாய்?"

"மேல உக்காந்திருப்பாரு."

"சாப்பாடு?"

"மூணு வேளையும் நீங்கதான் போடணும்."

உத்திராபதி திரும்பிப் போய் விவரத்தைச் சொன்னார். தனவேலுக்குக் கோபமே வந்துவிட்டது. "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு வெளியூருலேருந்து ஒரு ஆளாண்ணே? அந்த வேலைக்கு நம்ம ஊருல ஆளு பஞ்சமா?"

"எனக்கும் புது ஆளுன்னா பயமா இருக்கும்" என்றான் அஞ்சாபுலி. அவன் பெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். ஆட்டுக்குட்டி தும்மினாலே கதவைச் சாத்திக்கொள்கிறவன்.

ஆபரேட்டர் இல்லாமலே எடுப்பது என்று முடிவாயிற்று.

"அப்ப, உங்ககிட்ட ஆளு இருக்குதுல்ல?" என்றார் பாய்.

"நாலு பேர் இருக்கோம் பாய்" என்றான் கொளஞ்சி. அதில் பொய் எதுவும் இல்லை. அவர்கள் நாலு பேர்தான்.

ஒப்பந்தத்தில் மூன்று விதிகள் இருந்தன. உத்திராபதி சத்தமாக வாசித்தார். லைசென்ஸ் இல்லாத யாரும் வண்டியில் ஏறக் கூடாது. வண்டி நிற்கும் தரை மேடு பள்ளம் இல்லாமல், கெட்டியாக இருக்க வேண்டும். எடுத்தபோது இருந்த மாதிரியே வண்டியைத் திருப்பித் தர வேண்டும். நால்வரும் கைநாட்டு வைத்தார்கள். உத்திராபதிக்குக் கையெழுத்துத் தெரியும், ஆனாலும் கூட்டாளிகள் மனம் நோகக் கூடாது என்று அவரும் கைநாட்டே வைத்தார்.

திங்கட்கிழமை டிரெய்லரில் பொக்லைன் வந்தது. இறக்கிவிட வந்த பாயின் ஆள் செபஸ்தியான் எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டான்.

"நட்ட நடுவுல நிறுத்துங்க. அப்பத்தான் நாலு பக்கமும் தோண்ட வாகா இருக்கும்" என்றான் கொளஞ்சி. விவரமானவன் என்ற பெயர் சும்மா வருமா?

செபஸ்தியான் சாவியைக் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். சாவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியின் மேல் அஞ்சாபுலியை உட்கார வைத்தார்கள்.

பிறகு பொக்லைனுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். உச்சிவேளை ஆயிற்று. வண்டி அசையவில்லை.

"புது எடம். கூச்சப்படுது" என்றான் தனவேல்.

அதுவும் சரிதான் என்று எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொழுது சாயும்போது திரும்பிப் பார்த்தால், எலுமிச்சம்பழத்தை மட்டும் காணோம். ஆடு தின்றிருந்தது.

கொளஞ்சிக்கு வெள்ளிக்கிழமை கண் முன்னால் வந்து நின்றது. "அண்ணே, நம்ம யாராவது மேல ஏறிப் பாத்தா என்ன?"

"குவாரிக்குத்தான் நம்மகிட்ட லைசென்ஸ் இருக்கு. ஏறுறதுக்கு இல்ல" என்றார் உத்திராபதி. வெகுநேரம் தாடையைச் சொறிந்த பின் அவருக்கு ஒன்று தோன்றியது. "என்ன பண்ணணும்னு அதுகிட்ட யாராவது சொன்னீங்களாடா? செஞ்சு காட்டுனாத்தான அதுக்குத் தெரியும்?"

செவ்வாய்க்கிழமை விடிந்ததும், அஞ்சாபுலியைப் பெட்டியின் மேலேயே விட்டுவிட்டு, மற்ற மூவரும் கடப்பாரை, மண்வெட்டியோடு போய், பொக்லைன் முன்னால் நின்று தோண்டிக் காட்டினார்கள். அது முன்பக்கம் மட்டும்தான் பார்த்திருக்கும் என்று பின்பக்கமும் போய்க் காட்டினார்கள். மூணு பேர் காட்டினால் போதாது என்று ஊரைக் கூட்டினார்கள். ஊரே வந்து இடமும் வலமும் காட்டியது. புதன் போயிற்று, வியாழன் வந்தது. இரண்டாம் விதியை மட்டும் யாரும் மறக்கவில்லை. வண்டி நின்ற தரையில் ஒரு பிடி மண்ணைக் கூடத் தொடாமல் சுற்றிலும் தோண்டினார்கள்.

வியாழன் மாலை, ஒன்றரை ஆள் ஆழத்தில், வெள்ளை வெளேரென்று கல் தெரிந்தது. பூமயில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சந்தையில கருவாடு வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொளஞ்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாத்தீங்களா, ஆபரேட்டர் இல்லாமலே வேலை முடிஞ்சிருச்சு" என்றார் உத்திராபதி.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லியாகத் பாய் டிரெய்லரோடும் செபஸ்தியானோடும் வந்தார். அவருடைய பொக்லைன், குழியின் நடுவில் தனியாக நின்ற மண்மேட்டின் உச்சியில், வாடிய மாலையோடு நின்றுகொண்டிருந்தது.

"எப்படிய்யா எறக்குறது இத?"

நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். பாய் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, "ஒரு பக்கம் மண்ணைக் கொட்டிச் சரிவு போடுங்க. செபஸ்தி ஓட்டிட்டு வந்துருவான்" என்றார்.

உத்திராபதி ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். "மேடு பள்ளம் கூடாதுன்னு நீங்கதான் பாய் எழுதியிருக்கீங்க. சரிவுன்னா ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம்."

பாய் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு போய் டிரெய்லர் நிழலில் உட்கார்ந்தார்.

மறுபடி வட்டம் கூடியது. வண்டியைக் கீழே கொண்டுவர முடியாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. கடைசியில் தனவேல் மெதுவாகச் சொன்னான்: "வண்டியைக் கீழ எறக்க முடியாது. தரையை மேல ஏத்தலாம்ல?"

ஊரே அவனைத் திரும்பிப் பார்த்தது. தனவேலுக்குள் இப்படி ஒரு மூளையா?

கொளஞ்சிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "அண்ணே, கல்லு?"

"கல்லு எங்கடா போயிடப் போவுது? அடியிலதான் இருக்கும்."

தோண்ட மூன்று நாள் ஆன குழி, மூட மூன்று மணி நேரம் கூட ஆகவில்லை. அஞ்சாபுலி பெட்டியை விட்டு இறங்கிச் சாவியைக் கொடுத்தான். செபஸ்தியான் சமதரையில் சுகமாக ஓட்டிவந்து டிரெய்லரில் ஏற்றினான். எடுத்தபோது இருந்த மாதிரியே திருப்பிக் கொடுத்துவிட்ட பெருமையோடு ஊர் நின்றது.

டிரெய்லர் திரும்பிய வளைவில் அதிகாரியின் ஜீப் வந்தது.

"கல் எங்கே?"

"அடியில இருக்குது சார். நேத்து நல்லாத் தெரிஞ்சுது" என்றான் கொளஞ்சி. பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று உத்திராபதி சொன்னதும் ஊரே கை தூக்கியது.

அதிகாரி எல்லோருடைய காலையும் பார்த்தார். முழங்கால் வரை சுண்ணாம்பு வெள்ளையாக அப்பியிருந்தது. நல்ல மனுஷர். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனாலும் பூமயில் சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. அந்த வெள்ளிக்கிழமை கல் கண்ணில் படவில்லை. சந்தையிலிருந்து திரும்பி, குழம்பு வைத்து இறக்கிய பூமயில் கூடத்துக்கு வந்தாள். பெரிய பஞ்சாரக் கூடை ஒன்று தரையில் கவிழ்ந்திருந்தது. கோழி அடைக்கிற கூடை. அதன் அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கல்லு எங்க?" என்றாள்.

"மூடியாச்சு. சோத்தப் போடு" என்றது கூடை. "நான் உன் கண்ணுல படக் கூடாதுன்னு சொல்லியிருக்க. பாக்காம போடு."

பூமயில் உள்ளே போய்க் குழம்புச் சட்டியோடு வந்தாள். பிறகு, "அடுத்த வெள்ளிக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சு. மிஷினாலதான இத்தனை வம்பும்? இந்தத் தடவ மிஷின் இல்லாம, ஆபரேட்டர மட்டும் எடுக்கப் போறோம். நடுவுல நிறுத்தினாலும் தானா எறங்கி வந்துருவாரு. சரி, கொழம்ப ஊத்து."

பூமயில் அவன் சொன்னபடியே பார்க்காமல் ஊற்றினாள், கூடையின் மேலேயே, சட்டி காலியாகிற வரைக்கும்.