உப்புக்குச் சப்பாணி

ஏட்டி, காலை நீட்டிப் படு. போர்வையை உதைக்கப்படாது. அத்தை கதை சொல்லுதேன், நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லப்படாது.

ஒரு ஊர்ல ஒரு வாய் இருந்துச்சாம்.

என்ன சிரிப்பு? நெசமாத்தான். அந்த வாயிக்குச் சொந்தக்காரர் பேரு மாசிலாமணி. மைக்செட்டுக் கடை வச்சிருந்தாரு. கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் அவரு குழாய்தான் கட்டுவாவ. ஆளு என்னமோ ஈர்க்குச்சி கணக்காத்தான் இருப்பாரு. மைக்கைப் பிடிச்சாருன்னா போச்சு, நாலு ஊருக்குக் கேக்கும்.

வருசா வருசம் பள்ளிக்கூடத்துப் பொம்பளப் பிள்ளைகளுக்கு மாவட்டக் கோகோப் போட்டி நடக்கும்லா? அதுக்கு முன்னாடி இவரு ஆட்டோவுல குழாயைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போவாரு. கொர்ர்ர்... கர்ர்ர்... "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்..." அப்புறம் ஆரம்பிப்பாரு. எந்தப் பள்ளிக்கூடம் இந்த வருசம் எப்படி ஆடும், எது கோப்பையைத் தூக்கும், எது மண்ணைக் கவ்வும்னு ஒண்ணு விடாமச் சொல்லுவாரு. சனமெல்லாம் வாசல்ல வந்து நின்னு கேக்கும்.

அவரு சொன்னது அப்படியே பலிக்கும், கேட்டுக்க. அருள்வாக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. முதல்னு அவரு சொன்ன பிள்ளைக நெஞ்சை நிமித்திக்கிட்டு ஆடும். கடைசின்னு சொன்ன பிள்ளைக விசில் ஊதுறதுக்கு முன்னாடியே நடுங்கிக்கிட்டு நிக்கும். அப்புறம் பலிக்காம என்ன செய்யும்? எனக்கு இந்த மாதிரி ஆளுகளைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும்.

ம் கொட்டு.

அந்த ஊருக்குப் பக்கத்துல உப்பளம். பாத்தி பாத்தியா வெள்ளை வெளேர்னு உப்பு, நடுவுல ஒரு ஆளு நடக்கத்தக்கன வரப்பு. உப்பள வேலைக்குப் போறவங்க பிள்ளைக படிக்க ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு. அதுல சந்தனமாரின்னு ஒருத்தி. ஒம்பதாங்கிளாஸ். பாத்தா ஆறாங்கிளாஸ்னு சொல்லுவ, அம்புட்டுக் குட்டை. ஆனா கோகோ டீமுக்கு அவதான் கேப்டன். கால் தரையில படுதா படலையான்னு தெரியாது, அப்படி ஓடுவா.

அவளுக்கு அந்த ஆட்டம்னா உசுரு. ஏன்னு கேளு. விடிஞ்சா தண்ணி எடுக்கணும், பள்ளிக்கூடம் விட்டா தங்கச்சியத் தூக்கணும், பானை கழுவணும். நடுவுல சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் அவளுக்குன்னு இருந்துச்சு. அந்த நேரத்துல அவ யாருக்கும் மகளும் இல்ல, அக்காளும் இல்ல. ஓடுதவ, அம்புட்டுதான்.

அப்போ அந்த வருசமும் ஆட்டோ வந்துச்சு. கொர்ர்ர்... கர்ர்ர்...

"மில் பள்ளிக்கூடம்! போன வருசக் கோப்பை! பழைய ஆட்டக்காரிக அப்படியே இருக்காவ, புதுக் கோச்சு, புது ஷூ! கோப்பையை அவங்க பேருக்கு எழுதி வச்சாச்சு!

"தேரடிப் பள்ளிக்கூடம்! ஓட்டம் பிரமாதம், துரத்துறதுதான் சுமார்! பெரிய பிள்ளைகள்லாம் படிச்சு முடிச்சுப் போயாச்சு! இருந்தாலும் ரெண்டாவது!

"கோயில்தெருப் பள்ளிக்கூடம்! ஒரே ஒரு நல்ல ஓட்டக்காரி, அவளுக்கும் காலுல சுளுக்கு! பாப்போம்!

"உப்பளத்துப் பள்ளிக்கூடம்..." இந்த இடத்துல நிறுத்திட்டு ஹிஹிஹின்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பும் குழாய் வழியா நாலு ஊருக்குக் கேட்டுச்சு. "அது உப்புக்குச் சப்பாணி! கேப்டனைப் பாத்திருக்கியளா? அதுவும் சப்பாணி!"

அப்படின்னா என்னன்னு கேக்கியா? தெருவுல ஓடிப் பிடிச்சு ஆடும்போது, சின்னப் பிள்ளை ஒண்ணு நானும் வாரேன்னு அழும்லா? அதை அழ விடாண்டாம்னு சேத்துக்கிடுவாவ. அதைப் பிடிச்சாலும் கணக்கு இல்ல, பிடிக்காட்டாலும் கணக்கு இல்ல. அதனால யாரும் அதைத் துரத்தவே மாட்டாவ. அந்தப் பிள்ளைக்குப் பேருதான் சப்பாணி.

ஊரே சிரிச்சுச்சு. சந்தனமாரி இடுப்புல தங்கச்சியை வச்சுக்கிட்டு நின்னா. அவ மூஞ்சி செவந்து போச்சு. அழுகை இல்லட்டி, கோவம். அப்படி ஒரு கோவம்.

அப்புறம் முத இடைஞ்சல் வந்துச்சு. மறுநாள் மைதானத்துக்குப் பாதிப் பேரு வரல. வேலக்கனின்னு ஒருத்தி, டீம்லயே நெட்டை, துரத்துறதுல புலி. அவளே வரல. சந்தனமாரி தடதடன்னு வரப்பு மேலயே ஓடி அவ வீட்டுக்குப் போனா.

"ஏட்டி, ஏன் வரல?"

"எப்படியும் கடைசிதானாம்லா. ஊரே சிரிக்கி. எதுக்கு வரணும்?"

"மாசிலாமணி அண்ணாச்சி நீ ஓடி என்னைக்காவது பாத்திருக்காரா?"

வேலக்கனி யோசிச்சா. "இல்ல."

"நான் பாத்திருக்கேனா?"

"தினம் பாக்க."

"பாக்காதவரு சொன்னதைக் கேட்டு வீட்டுல உக்காந்திருக்க. தினம் பாக்குத நான் கூப்பிடுதேன், வர மாட்டேங்க. நல்லாயிருக்குட்டி உன் நியாயம்."

வேலக்கனிக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. அப்புறம் பாவாடையை இழுத்துச் சொருகிக்கிட்டு எந்திரிச்சா. நெட்டை வந்துட்டான்னு தெரிஞ்சதும் மத்தவளுவளும் ஒவ்வொருத்தியா வந்துட்டாளுவ.

ம் கொட்டுதியா, தூங்கிட்டியா? சரி.

அப்புறம் ரெண்டாவது இடைஞ்சல். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் சந்தனமாரியக் கூப்பிட்டாவ. நல்ல மனுசிதான், ஆனா மானத்துக்கு அஞ்சுதவ.

"இந்த வருசம் டீம் போவாண்டாம்மா. ஊரெல்லாம் சிரிச்சுப்போச்சு. அந்த நேரத்துல டியூஷனாவது வைக்கலாம். அதுவும் அந்த ஆளு, உப்புக்குச் சப்பாணின்னு வேற சொல்லுதான். ஒப்புக்குச் சப்பாணின்னு சொல்லணும். ஒப்புக்குன்னா பேருக்கு. உப்புக்கும் சப்பாணிக்கும் என்ன சம்பந்தம்?"

தமிழ் டீச்சர்லா, அவங்களுக்கு அதுதான் பெரிய வருத்தம்.

சந்தனமாரி கையைக் கட்டிக்கிட்டு நின்னா. ஆனா வாயைக் கட்டல.

"டீச்சர், அவருக்கு ஒழுங்கா வையக்கூடத் தெரியல. வையத் தெரியாதவரு கணிப்பை நம்பியா எங்களை அனுப்ப மாட்டேங்கிய?"

டீச்சர் குபீர்னு சிரிச்சிட்டாவ. சிரிச்ச பெறவு மூஞ்சியைப் பழையபடி வச்சுக்கிட்டு, "போங்க. ஆனா ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயிச்சுட்டு வரணும். ஜெயிக்காம வந்தா டீமைக் கலைச்சிருவேன். சாயங்காலம் டியூஷன்தான். இதுக்கு மேல என்கிட்ட பேசப்படாது"ன்னு சொல்லிட்டாவ.

அந்த ஒரு மணி நேரம் இருக்குமா, போவுமா? அதுதான் கேள்வி. சந்தனமாரிக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

போட்டி நாள் வந்துச்சு. சீட்டுக் குலுக்கிப் போட்டாவ. உப்பளத்துக்கு முத ஆட்டமே யாரு கூட? மில் பள்ளிக்கூடத்து கூட! போன வருசக் கோப்பை! வேலக்கனி, "எனக்குக் காய்ச்சல் வார மாதிரி இருக்கு"ன்னா.

"வரட்டும். காய்ச்சலோட ஓடு"ன்னா சந்தனமாரி.

மூணாவது இடைஞ்சல் இதுதான்.

கோகோ எப்படின்னு தெரியும்லா? துரத்துத டீமு வரிசையா குந்தி உக்காந்திருக்கும், ஒருத்தி இந்தப் பக்கம் பாத்து, அடுத்தவ அந்தப் பக்கம் பாத்து. துரத்துதவ பின்னால வந்து முதுகுல "கோ!"ன்னு ஒரு தட்டு தட்டுனா, உக்காந்திருந்தவ விர்ருனு எந்திரிச்சு ஓடணும். அவ போற போக்குலயே போவணும், வந்த வழியே திரும்பப்படாது. ஓடுதவளுவ மூணு மூணு பேரா வந்து, வரிசைக்குள்ள பூந்து பூந்து தப்பிக்கலாம். ஒருத்தி பிடிபட்டா துரத்துத டீமுக்கு ஒரு புள்ளி.

விசில் ஊதுனாவ. முதல்ல உப்பளத்துப் பிள்ளைக துரத்துனாவ. வரப்பு மேல ஓடிப் பழகின காலுலா? வரப்புல திரும்புனா பாத்திக்குள்ள விழணும். அதனால நேராப் போறதும் ஓரத்துல கால் தப்பாம இருக்கதும் அவளுவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்ல. கோ! கோ! கோ! வேலக்கனி காய்ச்சலை எங்க தொலைச்சாளோ, பாஞ்சு பாஞ்சு பிடிச்சா. மில் பிள்ளைக புது ஷூவோட சர்ர்ருனு சறுக்கி விழுந்துச்சு.

அப்புறம் மாத்தி மாத்தி ஆடி, கடைசியா மில் பிள்ளைக துரத்துற முறை. உப்பளம் கொஞ்சம்போல முன்னால இருந்துச்சு. மில் பிள்ளைக துரத்தின துரத்துல அதுவும் கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அப்போ சந்தனமாரி, வேலக்கனி, இன்னொருத்தி, மூணு பேரும் உள்ள இறங்கினாளுவ.

அன்னைக்கு மைதானத்துல மைக்கு யாரு கையில? அந்த வாயி கையிலதான்! "அடடடா, சப்பாணி இறங்கிருச்சு! அதை விடுங்கம்மா! அது எங்க போவப் போவுது? கடைசில பிடிச்சுக்கிடலாம்! நெட்டையைப் பிடிங்க!"

மில் பிள்ளைகளும் தெருவுல ஆடி வளந்ததுதானே. சப்பாணியைத் துரத்தாத பழக்கம் அதுகளுக்கும் காலுலயே இருக்கு. வாயி சொன்னதும் சந்தனமாரியை விட்டுட்டு மத்த ரெண்டு பேரையும் விரட்டுச்சு. வேலக்கனி லேசுப்பட்டவளா? கண்ணுல விரலை விட்டு ஆட்டுனா. ஓடி ஓடி மில் பிள்ளைகளுக்கு நாக்கு வெளிய வந்துருச்சு. சந்தனமாரி ஓரத்துல நின்னு நல்லா மூச்சு வாங்கிக்கிட்டா.

அப்புறம் வேலக்கனி பிடிபட்டா. இன்னொருத்தியும் பிடிபட்டா. மிச்சம் சந்தனமாரி ஒருத்திதான். விசில் வரை அவ நின்னா ஜெயிப்பு. அவ பிடிபட்டா எல்லாம் போச்சு, சாயங்காலமும் போச்சு.

"இப்போ பிடிங்கம்மா சப்பாணியை!"ன்னுச்சு வாயி.

பிடிச்சிருவாவளா? கோ! அவ இந்தப் பக்கம் பூந்தா. கோ! அவ அந்தப் பக்கம் பூந்தா. கோ! கோ! மில் பிள்ளைக களைச்சுப்போச்சு, இவ அப்பத்தான் பூத்த பூவு மாதிரி நிக்கா. ஒருத்தி பாஞ்சு அவ சடையைத் தொடப் போனா, இவ குனிஞ்சிட்டா, அவ தடால்னு மண்ணுல விழுந்தா. "நான் சப்பாணியாட்டி? இப்போ பிடி!"ன்னு கத்திக்கிட்டே ஓடுனா சந்தனமாரி. சத்தமா. ஊரே கேக்கத்தக்கன. தண்ணி காட்டுனா, தண்ணி காட்டுனா, அப்படித் தண்ணி காட்டுனா...

பீ...ப்! விசில்!

உப்பளம் ஜெயிச்சிருச்சு! வேலக்கனி ஓடி வந்து அவளை அப்படியே தூக்கிக்கிட்டா. பெரிய டீச்சர் நாற்காலியில ஏறி நின்னு கை தட்டினாவ. மானமெல்லாம் அவங்களுக்கு மறந்தே போச்சு.

மைக்கு கொர்ருனுச்சு. மாசிலாமணி மைக்கோட சிரிச்சுக்கிட்டே சந்தனமாரி பக்கத்துல வந்தாரு. "கணிப்பைக் கொஞ்சம் மாத்திக்கிடுதேன். அடுத்த ஆட்டத்துல உப்பளம் என்ன செய்யும்னா..."

சந்தனமாரி வெடுக்குனு மைக்கைப் பிடுங்கிட்டா. "அண்ணாச்சி, அடுத்த ஆட்டத்தை நாங்க இன்னும் ஆடலை. ஆடுன பெறவு பேசுங்க." டொக்குனு சுவிட்சை அமத்திட்டா.

என்னட்டி முழிச்சுக்கிட்ட? அடுத்த ஆட்டம் ஜெயிச்சாவளான்னா?

தோத்தாவ. தேரடிப் பள்ளிக்கூடத்துகிட்ட நல்லாத் தோத்தாவ. அதுக்கு என்ன இப்போ? அந்தத் தோல்வியை எவரும் ஆட்டோவுல கட்டி முன்கூட்டியே கொண்டாரல. அவளுவளே ஓடி, அவளுவளே மூச்சு முட்டி, அவளுவளே தோத்தாளுவ. தோத்துட்டு வந்து வாளி நிறையப் புளிச்சோத்தைத் தின்னுட்டு பஸ்ஸுல பாடிக்கிட்டே வந்தாளுவ.

திங்கக்கிழமை சாயங்காலம் மணி அடிச்சுது. டியூஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. மைதானத்துல எல்லாவளும் வரிசையா குந்தியிருக்காளுவ. சந்தனமாரி பின்னால வந்து ஒருத்தி முதுகுல படார்னு ஒரு தட்டு தட்டினா.

"கோ!"

கதை ஓடி முடிச்சு மூச்சு வாங்குது. நீயும் கண்ணை மூடுட்டி.