வேலையை விடாத தணிகைவேல்

ஆள் செத்து, கருமாதியும் முடிந்தாயிற்று. ஆனாலும் தணிகைவேல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ‘விதி மாற்றப்பட்டது, மாற்றியவர் தணிகைவேல்’ என்று கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குள் எதை விடலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலின் பதிவில் தினமும் ஒரு வரி விழுந்தது.

“சாயங்காலத்துக்குள்ள அந்த ஆவியைப் பிடி. இல்லேன்னா நாளைலேருந்து வராதே,” என்று ஒப்பந்த ஊழியர் பூங்கொடியை எல்லோர் முன்னாலும் அதட்டினார் மேலாளர் அம்பலவாணன்.

“காலையிலேயே அவரோட பாஸ்வேர்டை மாத்திட்டேன் சார். ஆவிக்குப் பாஸ்வேர்டே வேணாம். மனுஷன்னா வெளியிலதான் நிக்கணும்.”

“அட, அதான் இன்னைக்கு என்னால உள்ள போக முடியலையா?” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அறையே சிரித்தது. பூங்கொடிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது பொய். பாஸ்வேர்டை அவள் தொடவே இல்லை. மெதுவாகப் பதிவைத் திறந்தாள்.

‘பாஸ்வேர்டு மாற்றப்பட்டது, மாற்றியவர் தணிகைவேல்.’