குருவித் தலையில் மசகு

“அந்த ஆளை இன்னைக்கே அனுப்பிடுங்கம்மா. இல்லேன்னா நான் போறேன்.”

சோளக்காட்டுக் காவல்காரி அங்கம்மாள் வலை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். மனம் அடங்க வழி கேட்டு அவளிடம் வந்து, மூன்று மாதமாகக் காட்டிலேயே கிடக்கும் தணிகாசலத்துக்கு அறுபத்தெட்டு. பஞ்சாலைச் சங்கத்தின் பழைய தலைவர். தான் பேசினால் ஆலைச் சங்கே அடங்கிப்போகும் என்று அவரே சொல்வார்.

“எந்த ஆளை, தலைவரே?”

நேற்று வந்த பொன்னுரங்கத்தை. அதோ, வாய்க்காலில் பானை கழுவுகிறவனை.

அவன் கருங்காலி என்றார் தணிகாசலம். இருபத்தாறு வருடத்துக்கு முன் நடந்த வேலைநிறுத்தத்தில், ஒரு விடியற்காலை, அவன் மூட்டையோடு ஆலை மதிலேறி வெளியே குதித்ததை இந்தக் கண்ணால் பார்த்தார். உள்ளே போய் வேலை செய்துவிட்டு வருகிறான், வேறென்ன? அன்றைக்கே அவன் வீட்டுக் கதவில் தார் பூசினார்கள். கருங்காலி வீட்டுக்கு அதுதான் சங்கத்து வழக்கம். அப்புறம் அந்தத் தெருவில் ஒருவரும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒரே மாதம். பெண்டாட்டி பிள்ளையோடு ஊரை விட்டுப் போனான்.

“தார் பூசினது யாரு?”

“நான்தான்.”

அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்துகொண்டார்.

“ஆளைப் பாத்தாலே எனக்குத் தெரியும்மா. எவன் நம்மாளு, எவன் முதலாளி ஆளுன்னு.”

அங்கம்மாள் கடைசி முடிச்சையும் அவிழ்த்தாள்.

வலையில் நான்கு குருவிகள் இருந்தன. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து கதிர் தின்ன வருபவை. அவள் இரண்டு ஆண் குருவிகளை எடுத்துக் காட்டினாள். இரண்டுக்கும் வயிறு மஞ்சள். ஒன்றுக்குத் தலை கருப்பு. மற்றதுக்குத் தலையும் கழுத்தும் செங்கல் நிறம்.

“ரெண்டும் ஒண்ணா?”

“வேற வேற. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.”

அவற்றைப் பறக்கவிட்டாள்; இரண்டும் பக்கத்துக் கதிர்களில் போய் உட்கார்ந்தன. மிச்சமிருந்த இரண்டு பெட்டைகளையும் கைக்கொன்றாகப் பிடித்து நீட்டினாள். இரண்டும் காய்ந்த சோளத்தட்டையின் நிறம்.

“இதுல கருந்தலையோட பெட்டை எது?”

தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். அலகைப் பார்த்தார். முதுகுக் கோடுகளைப் பார்த்தார். துண்டறிக்கை எழுதுகிறவரைப்போல மூன்று காரணம் அடுக்கி, இடது கையில் இருந்ததைக் காட்டினார்.

“நிச்சயமா?”

“நிச்சயம்.”

“அப்ப அடையாளம் வைங்க.”

வண்டி அச்சுக்குப் போடும் கருப்பு மசகு அருகில் சட்டியில் இருந்தது. அவர் விரலால் தொட்டுக் குருவியின் தலையில் ஒரு பொட்டு வைத்தார். பழகிய கை.

அங்கம்மாள் இரண்டு கைகளையும் விரித்தாள்.

பொட்டு வைத்த குருவி நேராகப் போய்ச் செந்தலையின் பக்கத்தில் உட்கார்ந்தது.

“தப்பிடுச்சு. அப்ப இன்னொண்ணுதான்” என்றார்.

இன்னொன்றும் அங்கேயே போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் கருந்தலையும் வந்தது. நான்கும் ஒரே கதிரைக் கொத்தின.

“நிஜத்துல எதும்மா கருந்தலையோடது?”

“எனக்கு என்ன தெரியும்? பதினெட்டு வருசமாப் பிடிக்கிறேன். இந்தப் பெட்டைகளை மட்டும் எனக்குப் பிரிச்சுச் சொல்ல வராது.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேக்கலையே, தலைவரே.”

தணிகாசலம் விரலை வேட்டியில் துடைத்தார். மசகு வேட்டியில் ஈஷிக்கொண்டது. கதிரைப் பார்த்தார். அந்தக் கருப்புப் பொட்டு இங்கிருந்தே தெரிந்தது.

“அது எதுல போகும்?”

“சீயக்காயும் வெந்நீரும் போதும். குருவிதான் கைக்கு வரணும்.”

அவர் வாய்க்காலுக்கு நடந்தார்.

பொன்னுரங்கம் தலை தூக்கவில்லை. கல்லில் கொஞ்சம் நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டான்.

தணிகாசலம் உட்காரவில்லை. பேச வாயைத் திறந்தார். மேடைக் குரல் வரவில்லை.

“அன்னைக்கு... அந்த மூட்டையில என்ன இருந்துச்சு?”

பொன்னுரங்கம் பானையைக் கரையில் கவிழ்த்து வைத்தான்.

“வேலைநிறுத்தம்னு வெளிய வந்தப்ப உள்ளயே விட்டுட்டு வந்துட்டோமில்ல, தோழர். நம்ம கொடி.”